பத்தாவது நாற்காலி

மாநகராட்சியில் முப்பத்தோரு வருஷம்
வீட்டு வரி எழுதினேன்.
மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் இன்னும்
விரல் தானாக மடங்கும்.

எல்லீஸ் நகரில் என் மாடி ஹாலை
மெனாஹெம் சாருக்கு விட்டு நாலு வருஷம்.
மில்லில் சாயம் கலந்தவர்; கொச்சிக்காரர்; யூதர்.
"சைவமான்னு மட்டும் கேட்டியாக்கும்" என்றான் தம்பி.
மற்றதைக் கேட்டிருந்தால்
என்ன செய்திருப்பேனோ, எனக்கே தெரியாது.

ஒற்றை ஆளுக்கு எதற்கு அவ்வளவு பெரிய ஹால்?
முதல் வெள்ளிக்கிழமை தெரிந்துபோனது.
கண் ஆஸ்பத்திரி நர்ஸ் சிப்போரா, அவள் மகன்,
சொட்டுநீர்க் குழாய் பதிக்க வந்த எஞ்சினியர்கள் நால்வர்,
தமிழ் படிக்க அமெரிக்காவிலிருந்து வந்து
எங்கள் தெருவே "வாளப்பளம்" என்கையில்
நாக்கை மடித்து ழகரம் சொல்லும் தாலியா,
அப்பாவும் அம்மாவும் மாறி மாறித் தூக்கும் நோவாம்.
அவனுக்கு ஐந்து மாதம், சாருக்கு எண்பத்திரண்டு.
நடுவிலுள்ள வயதெல்லாம்
என் பிளாஸ்டிக் நாற்காலிகளில்.

கம்பம் பன்னீர் திராட்சை பிழிந்து வைப்பார்கள்.
சிம்மக்கல் பேக்கரி ஜலாலுதீன்
ரொட்டிக்கு ஜடை போட்டு அனுப்புவார்,
"மூணு பொம்பளப் பிள்ளைக்குப் பின்னின கை."
பொழுது சாயும் முன் மேலே இரண்டு மெழுகுவத்தி.
கீழே என் குத்துவிளக்குக்கும் வெள்ளிதானே நாள்,
ஒரே தீப்பெட்டி படியேறி இறங்கும்.

விளக்கேற்றிய பிறகு சுவிட்சைத் தொடமாட்டார்கள்.
போடச் சொல்லி யாரையும் கேட்கவும் கூடாதாம்.
ஒருநாள் மெயின் ட்ரிப் ஆனது.
சார் பாதிப்படி இறங்கி நின்று
"மேலே நல்ல இருட்டு" என்றார்.
"புழுக்கமாவும் இருக்குமே" என்றேன்.
"குழந்தைக்கு வேர்க்கிறது."
அடுத்த வாக்கியத்துக்கு அவர் தவிக்கும் முன்
பெட்டியைத் திறந்து விசையைத் தூக்கிவிட்டேன்.

சொல்ல வந்தது இதில்லை.

கார்த்திகை மழையில் ஒரு வெள்ளி.
சாரின் தம்பி இறந்த நாள்.
அவருக்காகச் சொல்லவேண்டிய சொல்லுக்குப் பத்துப் பேர் வேண்டும்.
ஒன்று குறைந்தால்
சாட்சிக் கையெழுத்தில்லாத பத்திரம்.
வாரம் முழுக்கப் போன் பேசினார்.
மேலக்கோபுர லாட்ஜிலிருந்து முதுகுப்பையோடு ஒருவன் வந்தான்,
பேங்க் தணிக்கைக்கு வந்த பம்பாய்க்காரர் ஒருவர்
தொப்பலாக நனைந்து வந்தார்.
சார் ஆண்களைத்தான் எண்ணுவார்.
சிப்போரா மகனுக்குப் பதின்மூன்று முடிந்தது, சேர்த்தி.
நோவாம் சேர்த்தியில்லை.
வாசலில் நின்று நானும் எண்ணினேன்.
ஒன்பது.

தாலியா எழுந்தாள்.
"எங்கள் ஊரில் என்னையும் எண்ணுவார்கள்" என்றாள்,
தமிழில். எனக்கும் புரியட்டும் என்றோ என்னவோ.
எஞ்சினியர் ஒருவர் தரையைப் பார்த்தார்.
சிப்போரா யாரையும் பார்க்கவில்லை.
மூலையில் ஒழுகிய சொட்டு
வாளியில் விழுந்துகொண்டேயிருந்தது.

அந்தக் கணக்கில் எனக்கு வாயில்லை,
என் கையில் ஒரு நாற்காலி இருந்தது.
கொண்டுபோய் ஒன்பதின் பக்கத்தில் போட்டேன்.
கால் தரையில் உரசி அசிங்கமாய்ச் சத்தம் போட்டது.

சார் நாற்காலியைப் பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்,
ரொம்ப நேரம்.
எண்ணினேன் என்று சொல்லவில்லை.
எண்ணவில்லை என்றும் சொல்லவில்லை.
தம்பி பேரைச் சொல்லி ஆரம்பித்தார்.

ஆமென் வந்தபோது நோவாமும் கத்தினான்.
என் விரல்கள் குழம்பிப்போயின.

ஜனவரியில் ஒப்பந்தம் புதுப்பித்தோம்.
வாடகை ஏற்றவில்லை,
தம்பி ஒரு வாரம் பேசவில்லை.
ஒழுகும் மூலைக்குக் கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன்.
வியாழனுக்குள் பூசினால்தான்
வெள்ளிக்குக் காயும்.